அவள் கப்பலில் ஏறினாளா?
இரண்டாம் வாய்ப்புக் காதல் நாவலும் ஆண்களின் பணியிடமும்

1

சில வருஷங்களுக்கு முன்பு ஒரு தொழிற்சங்கப் பயிலரங்கு. சாப்பாட்டு இடைவேளையில் ஒரு அக்காவின் பையிலிருந்து மாத நாவல் ஒன்று நழுவித் தரையில் விழுந்தது. அட்டையில் வழக்கம்போல் ஒரு பெண் முகம், பின்னால் மங்கலாக ஒரு ஆண் முகம். 'இன்னும் இதைத்தான் படிக்கிறீங்களா அக்கா?' என்று ஒரு தோழர் கேட்க, சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்பதை இங்கேயே சொல்லிவிட வேண்டும். அக்கா ஒரு பணிமனையில், நூற்றுச் சொச்சம் ஆண்களுக்கு நடுவே ஐந்தாறு பெண்களில் ஒருவராக இருபது வருஷம் வேலை பார்த்தவர். புத்தகத்தை எடுத்துத் தூசி தட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டே சொன்னார்: 'இதுல கடைசியிலயாவது அவ சொல்றதை அவன் உட்கார்ந்து கேக்குறான் தம்பி. நம்ம சங்கத்துல யாரு கேக்குறா?'

யாரும் பதில் சொல்லவில்லை. சொல்வதற்கு எங்களிடம் எதுவும் இருக்கவில்லை என்பதுதான் உண்மை.

அக்காவின் பையில் இருந்தது ஒரு குறிப்பிட்ட வகைக் கதை. ஒரு காலத்தில் சேர்ந்திருந்து பிரிந்துபோன ஒருவனும் ஒருத்தியும் பல வருஷம் கழித்து மறுபடி எதிர்ப்படுகிறார்கள். பெரும்பாலும் பணியிடத்தில். அவன் மேலதிகாரியாக வந்து நிற்கிறான். அவள் இப்போது பழைய பெண் இல்லை. திறமைசாலி, யாருக்கும் பணியாதவள். மோதல், உண்மை வெளிப்படல், சேர்தல். இந்த வகையைக் குப்பை என்று ஒதுக்குவது சிறுபத்திரிகைக்காரர்களாகிய நமக்குச் சுலபம். வெகுஜன எழுத்து என்று முத்திரை குத்திவிட்டால் படிக்காமலே பேசலாம். ஆனால் லட்சக்கணக்கான பெண்கள் ஒரே எலும்புக்கூட்டைத் திரும்பத் திரும்பக் காசு கொடுத்து வாங்குகிறார்கள் என்றால், அந்த எலும்புக்கூடு அவர்களுக்கு என்ன தருகிறது, எதைத் தர மறுக்கிறது என்று கேட்காமல் இருப்பது விமர்சனம் ஆகாது. இந்த வகையின் மிகச் சிறந்த பிரதிகளில் ஒன்றாகிய ஜேன் ஆஸ்டினின் 'பெர்ஸ்வேஷன்' நாவலை வைத்துக்கொண்டு அந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்க்கலாம் என்பதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

2

முதலில் வகைமையைப் பற்றிக் கொஞ்சம். ஆங்கிலப் பதிப்புத் தொழில் 'இரண்டாம் வாய்ப்பு' என்பதைக் காதல் நாவலின் ஒரு தனிக் கிளையாகவே பெயரிட்டு விற்கிறது. லண்டனில் 1908இல் தொடங்கப்பட்ட மில்ஸ் அண்ட் பூன் நிறுவனமும், அதை 1971இல் வாங்கிய கனடாவின் ஹார்லக்வின் நிறுவனமும் காதல் நாவலை மாதாமாதம் வெளிவரும் சரக்காக ஆக்கின. ஆசிரியர் பெயர் மாறும், ஊர் மாறும், நாயகனின் தொழில் மாறும், எலும்புக்கூடு மாறாது. நம்மூர் மாத நாவலைப் பற்றி இங்கே தனியாக விளக்க வேண்டியதில்லை. ரமணிசந்திரனை வீட்டில் யாரும் படிக்கவில்லை என்று சொல்லக்கூடிய தமிழ் வாசகர் குறைவு.

இந்த எழுத்தைப் பெண்ணியவாதிகள் தீவிரமாக வாசிக்கத் தொடங்கியது எண்பதுகளில். 1982இல் டானியா மோட்லெஸ்கியும் 1984இல் ஜானிஸ் ராட்வேயும் எழுதிய நூல்கள் இதில் முக்கியமானவை. மோட்லெஸ்கி சொல்வது சுருக்கமாக இது: முடிவு வாசகிக்கு முன்கூட்டியே தெரியும். தெரிந்திருப்பதால் நாயகனின் முரட்டுத்தனத்தை அவள் மறைந்திருக்கும் காதலின் அறிகுறியாகப் படிக்கப் பழகுகிறாள். ஆக, ஆணின் வன்மத்தை அன்பாக மொழிபெயர்க்கும் ஒரு பயிற்சியாக இந்த நாவல் வேலை செய்கிறது. ராட்வே பிரதியோடு நிற்காமல் நேரே வாசகிகளிடம் போனார். அமெரிக்காவின் ஒரு நகரத்தில், ஒரே புத்தகக் கடைப் பெண்ணின் பரிந்துரையை நம்பிக் காதல் நாவல் வாங்கும் பெண்களோடு உட்கார்ந்து பேசினார். நாவலில் என்ன இருக்கிறது என்பதைவிட, படிக்கும் அந்த ஒரு மணி நேரம் தங்களுடையது என்பதே அவர்களுக்குப் பெரிதாக இருந்தது. புருஷனுக்கும் பிள்ளைக்கும் தந்து தீராத கவனத்தை அந்த ஒரு மணி நேரம் அவர்கள் தங்களுக்குத் தந்துகொண்டார்கள். இது எதிர்ப்புத்தான், ஆனால் வீட்டின் அமைப்பை அசைக்காத எதிர்ப்பு என்பதையும் ராட்வே மறைக்கவில்லை.

பின்னால் வந்த நாவல்களில் நாயகி வேலைக்குப் போகிறாள். பத்திரிகை அலுவலகம், மருத்துவமனை, கட்டடத் தொழில், காவல்துறை என்று ஆண்கள் நிறைந்த இடங்கள். அவளை 'வலிமையான பெண்' என்று பின்னட்டை அறிமுகப்படுத்துகிறது. இந்தச் சொல்லைச் சற்று நிறுத்தி வைத்துப் பார்க்க வேண்டும். பல பிரதிகளில் வலிமை என்பது தாங்கும் வலிமை மட்டுமே. கிண்டலைத் தாங்குகிறாள், இரட்டை வேலையைத் தாங்குகிறாள், பழைய காதலனே அதிகாரியாக வந்து நிற்பதையும் தாங்குகிறாள். பணியிடம் அப்படியே இருக்கிறது. அவள் மட்டும் கெட்டிப்பட்டுக்கொண்டே போகிறாள். கல்லைச் சுமக்கிறவளின் தோளைப் புகழ்ந்துவிட்டுக் கல்லைப் பற்றிப் பேசாமல் போவது மாதிரி இது.

எனவே இந்த வகைப் பிரதி எதையும் வாசிக்கும்போது மூன்று கேள்விகளைக் கையில் வைத்துக்கொள்வது பயன் தரும். ஒன்று: பிரிந்திருந்த காலத்தில் யார் எதைச் சம்பாதித்தார்கள், யார் எதை இழந்தார்கள்? இரண்டு: மறுபடி சேரும் இடத்தில் யார் பேசுகிறார்கள், யார் கேட்கிறார்கள்? மூன்று: சேர்ந்த பிறகு அந்தப் பணியிடம் கொஞ்சமாவது மாறுகிறதா?

3

'பெர்ஸ்வேஷன்' ஆஸ்டின் எழுதி முடித்த கடைசி நாவல். 1815 ஆகஸ்டில் தொடங்கி 1816 ஆகஸ்டில் முடித்தார். 1817 ஜூலை 18இல், நாற்பத்தொரு வயதில் இறந்துபோனார். அந்த வருஷம் டிசம்பரில் நாவல் வெளிவந்தது.

கதை எளிமையானது. சர் வால்டர் எலியட் என்ற நிலப்பிரபுவின் இரண்டாவது மகள் ஆன். பத்தொன்பது வயதில், 1806இல், ஃபிரெடரிக் வென்ட்வொர்த் என்ற இளம் கடற்படை அதிகாரியை மணக்கச் சம்மதிக்கிறாள். அவனுக்குச் சொத்தும் இல்லை, குடும்பச் செல்வாக்கும் இல்லை. தாயில்லாத ஆனுக்குத் தாய் போல இருக்கும் லேடி ரஸ்ஸல் 'வேண்டாம்' என்று இணங்க வைக்கிறாள். ஆன் நிச்சயத்தை முறித்துக்கொள்கிறாள். அவன் கோபத்தோடு கடலுக்குப் போகிறான். எட்டு வருஷம் கழிகிறது. 1814இல் நெப்போலியன் தோற்று எல்பா தீவுக்கு அனுப்பப்பட்டதும் கடற்படைக்காரர்கள் கரைக்குத் திரும்புகிறார்கள். கடனில் மூழ்கிய சர் வால்டர் தன் மாளிகையை வாடகைக்கு விடுகிறார். அதற்குக் குடிவருகிற அட்மிரல் கிராஃப்டின் மனைவி, வென்ட்வொர்த்தின் அக்கா. இருபத்தேழு வயது ஆன் மறுபடி அவனைப் பார்க்க வேண்டியதாகிறது.

முதல் கேள்வி: எட்டு வருஷத்தில் யார் எதைச் சம்பாதித்தார்கள்? அகத்திணை படித்தவர்களுக்கு இது பழகிய கணக்கு. பொருள்வயிற் பிரிவில் தலைவன் பொருளோடு திரும்புகிறான். தலைவி நலன் இழந்து நிற்கிறாள். வென்ட்வொர்த் இருபத்தைந்தாயிரம் பவுன் சேர்த்துக்கொண்டு வருகிறான். பகைவர் கப்பலைப் பிடித்தால் அதன் விலையில் கேப்டனுக்குக் கணிசமான பங்கு உண்டு. போர்தான் அவனுடைய தொழில், போர்தான் முதலீடு. ஆன் என்ன செய்துகொண்டிருந்தாள்? அக்காவின் அலட்சியத்தையும் தங்கையின் புலம்பலையும் சகித்தாள். தங்கை பிள்ளைக்கு அடிபட்டபோது பக்கத்தில் இருந்து பார்த்தாள். மற்றவர்கள் ஆட, தான் பியானோ வாசித்தாள். இதெல்லாம் உழைப்பு என்று யாரும் எழுதி வைக்கவில்லை. வீட்டில் அவள் பேச்சுக்கு மதிப்பே இல்லை என்பதை ஆஸ்டின் முதல் அத்தியாயத்திலேயே சொல்லிவிடுகிறார்.

இந்த இழப்புக்குக் காரணம் லேடி ரஸ்ஸல் மட்டும்தானா? வழக்கமான பிரதியாக இருந்தால் ஒரு வில்லியைக் காட்டிவிட்டு முடிந்திருக்கும். ஆஸ்டின் கடைசியில் ஒரு சின்ன உரையாடலை வைக்கிறார். 1808இலேயே கையில் சில ஆயிரம் பவுனும் ஒரு கப்பலும் கிடைத்துவிட்டன, அப்போது எழுதியிருந்தால் மறுபடி சம்மதித்திருப்பாயா என்று வென்ட்வொர்த் கேட்கிறான். அவள் பதிலில் தயக்கமே இல்லை. மறுபடி கேட்கத் தன் கர்வம் இடம் தரவில்லை என்று அவன் ஒப்புக்கொள்கிறான். எட்டில் இரண்டு வருஷம் லேடி ரஸ்ஸலின் கணக்கு. மீதி ஆறு வருஷம் அவனுடைய ஆண் கர்வத்தின் கணக்கு. இரண்டாம் வாய்ப்பு அவன் சட்டைப்பையிலேயே ஆறு வருஷம் கிடந்திருக்கிறது.

4

ஆஸ்டினின் மற்ற நாவல்களில் ஆண்களுக்கு வருமானம் உண்டு, வேலை கண்ணில் படாது. இதில் வேலை நாவலின் நடுவுக்கு வருகிறது: கடற்படை. பெண் இல்லாத, பெண் இருக்கக் கூடாத பணியிடம். கடல்வழிப் பயணம் பெண்ணோடு இல்லை என்று பொதுவாகப் பொருள் கொள்ளப்படும் நூற்பா நம் தொல்காப்பிய அகத்திணையியலிலும் உண்டு. வெவ்வேறு காலம், வெவ்வேறு கடல், விதி ஒன்றுதான்.

இந்த விதியை வென்ட்வொர்த் ஒரு விருந்தில் வாய்விட்டே சொல்கிறான். தன் கப்பலில் பெண்களை ஏற்றிக்கொள்ளத் தனக்கு விருப்பமில்லையாம். அதற்கு அவன் தரும் காரணத்தைக் கவனிக்க வேண்டும். வெறுப்பு அல்ல, மரியாதை. பெண்களுக்குத் தகுந்த வசதியை எவ்வளவு முயன்றாலும் கப்பலில் செய்து தர முடியாது என்பதால் வேண்டாமாம். விலக்கி வைப்பதைக் கண்ணியம் என்று சொல்லும் இந்தச் சொல்லாடலை உடைப்பது அவன் அக்கா, திருமதி கிராஃப்ட். முப்பத்தெட்டு வயது, வெயிலும் உப்புக்காற்றும் பட்டுச் சிவந்த முகம். கல்யாணமாகிப் பதினைந்து வருஷத்தில் அட்லாண்டிக்கை நான்கு முறை கடந்தவள், கிழக்கிந்தியப் பகுதிக்கும் ஒருமுறை போய்வந்தவள். நாங்கள் என்ன கண்ணாடிப் பொம்மைகளா, புத்தியுள்ள ஜீவன்கள் இல்லையா என்கிற தொனியில் தம்பியை மடக்குகிறாள். போதாததற்கு, அவனே ஒரு சக அதிகாரியின் மனைவியையும் பிள்ளைகளையும் கப்பலில் ஏற்றி வந்த கதையையும் எடுத்து விடுகிறாள். தான் உடலாலும் மனத்தாலும் நொந்துபோனது கரையில் தனியாக இருந்த ஒரே ஒரு குளிர்காலத்தில்தான் என்கிறாள்.

ஆஸ்டின் இவளைப் பேச்சோடு விட்டுவிடவில்லை. வீட்டு வாடகை பேசும்போது வரியையும் நிபந்தனையையும் பற்றி அட்மிரலைவிட அதிகமாகக் கேட்டது இவள்தான் என்று வக்கீல் சொல்கிறார். வண்டி ஓட்டும்போது அட்மிரல் ஒரு கம்பத்தில் இடிக்கப் போக, இவள் அலட்டாமல் கடிவாளத்தைத் திருப்பி விடுகிறாள். ஆனும் சளைத்தவள் இல்லை. லைம் துறைமுகத்தில் லூயிசா என்ற பெண் படியிலிருந்து குதித்து மயங்கி விழும்போது, போரில் பீரங்கி வெடித்ததைப் பார்த்த கேப்டன்கள் கைபிசைந்து நிற்கிறார்கள். யார் டாக்டரைக் கூப்பிடப் போக வேண்டும், எதைச் செய்ய வேண்டும் என்று முடிவெடுப்பது ஆன். எட்டு வருஷமாக யாரும் கணக்கில் சேர்க்காத அந்த வீட்டு உழைப்பு தந்த நிதானம் இது.

நாவலுக்கு வெளியே இருந்த கடற்படையையும் கொஞ்சம் பார்க்கலாம். போர்க்கப்பல்களில் பெண்கள் இருந்தார்கள். காயம்பட்டவர்களைக் கவனித்தார்கள், பீரங்கிக்கு மருந்து எடுத்துக் கொடுத்தார்கள். பெயர்ப் பட்டியலில்தான் இல்லை. 1847இல் பிரிட்டிஷ் அரசு பழைய கடற்போர்களில் இருந்தவர்களுக்குப் பதக்கம் அறிவித்தது. 1798 நைல் போரில் இருந்த ஆன் ஹாப்பிங், மேரி ஆன் ரைலி, 1805 டிராஃபல்கர் போரில் இருந்த ஜேன் டவுன்ஷெண்ட் ஆகியோர் விண்ணப்பித்தார்கள். மறுக்கப்பட்டது. இவர்களுக்குக் கொடுத்தால் ராணுவத்திலிருந்தும் இதுபோல எண்ணற்ற விண்ணப்பம் வருமாம். அதே பதக்கம், 1794 ஜூன் போரின்போது 'ட்ரிமெண்டஸ்' கப்பலில் பிறந்த டேனியல் மெக்கென்சி என்பவருக்குக் கிடைத்தது. போர் நடந்தபோது அவர் கைக்குழந்தை. பட்டியலிலும் அப்படியே பதிந்தார்கள். பீரங்கிப் புகைக்குள் பெற்றவளுக்கு இடமில்லாத பட்டியலில் பிறந்த ஆண்பிள்ளைக்கு இடம் இருந்தது.

ஆஸ்டினுக்கு இது தூரத்துச் சங்கதி இல்லை. அவருடைய சகோதரர்கள் இருவர் கடற்படையில் இருந்தார்கள். தம்பி சார்லஸின் மனைவி ஃபேனி, 'நாமூர்' என்ற கப்பலிலேயே குடித்தனம் நடத்தி, 1814 செப்டம்பரில், பிரசவத்துக்குப் பின் அந்தக் கப்பலிலேயே இறந்துபோனாள். இருபத்து நாலு வயது. நாவலின் கதை நடக்கும் அதே வருஷம். கப்பலில் தனக்கு ஒரு நோவும் வந்ததில்லை என்று சொல்லும் திருமதி கிராஃப்டை ஆஸ்டின் அடுத்த வருஷமே எழுத உட்காருகிறார். இதைத் துக்கம் என்பதா, பிடிவாதம் என்பதா?

பெண்கள் கப்பலேறிய இன்னொரு விதமும் அந்தக் குடும்பத்துக்குத் தெரியும். ஆஸ்டினின் அத்தை ஃபிலடெல்ஃபியா அநாதை. லண்டனில் பெண்களின் தொப்பி தைக்கும் கடையில் தொழில் பழக விடப்பட்டவள். 1752இல் கப்பலேறிச் சென்னைக்கு வந்து, 1753 பிப்ரவரியில் நம் கடலூரில், கம்பெனியின் கோட்டை மருத்துவர் ஹான்காக்கைக் கல்யாணம் செய்துகொண்டாள். கையில் தொழில் இருந்த ஒரு பெண் சோழமண்டலக் கரைக்கு மணப்பெண்ணாகத்தான் வர முடிந்தது. ஆக, பெண் கடலில் போகக்கூடாது என்பது முழு உண்மை இல்லை. மனைவியாக, மணப்பெண்ணாகப் போகலாம். வேலை செய்கிறவளாகப் போகக்கூடாது, செய்தாலும் அதற்குப் பெயர் இருக்கக்கூடாது.

5

இரண்டாவது கேள்விக்கு வருவோம். சேரும் இடத்தில் யார் பேசுகிறார்கள்?

இதற்கு ஒரு அபூர்வமான சாட்சியம் இருக்கிறது. ஆஸ்டின் 1816 ஜூலை 18இல் நாவலை முடித்துத் தேதியும் போட்டுவிட்டார். பிறகு மனம் ஒப்பவில்லை. கடைசிப் பகுதியைத் திருத்தி எழுதி ஆகஸ்ட் 6இல் மறுபடி முடித்தார். கைவிடப்பட்ட இரண்டு அத்தியாயங்களின் கையெழுத்துப் படி இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. முடித்து அச்சேறிய அவருடைய நாவல்களில் கையெழுத்தாக எஞ்சியிருப்பது இந்தப் பகுதி மட்டும்தான்.

முதலில் எழுதிய முடிவு இப்படிப் போகிறது: தெருவில் ஆனைப் பார்க்கிற அட்மிரல் அவளை வீட்டுக்குள் கூட்டிவருகிறார். உள்ளே வென்ட்வொர்த். ஆன் தன் உறவினன் எலியட்டை மணக்கப் போவதாக ஒரு வதந்தி. அது உண்மையானால் மாளிகையைக் காலி செய்து தரத் தயார் என்று அட்மிரல் வென்ட்வொர்த்தின் வாய் வழியாகக் கேட்கச் சொல்கிறார். அவன் தட்டுத்தடுமாறிக் கேட்கிறான். அவள் 'அப்படி எதுவும் இல்லை' என்கிறாள். பார்வையிலேயே எல்லாம் முடிந்துவிடுகிறது. மருதத்திணையில் பாணனும் பாங்கனும் விருந்தினரும் வாயில்களாக வருவார்களே, அது மாதிரி. ஆண் அனுப்பும் தூது. பெண்ணின் வேலை நேர்வது அல்லது மறுப்பது. திருமதி கிராஃப்ட் எங்கே? மாடியில், தையற்காரியோடு இருக்கிறாள். நாவலின் மிக வலுவான குரலை ஆஸ்டின் அந்தக் காட்சியில் மாடிக்கு அனுப்பிவிட்டிருக்கிறார்.

திருத்தி எழுதிய முடிவில் இடம் மாறுகிறது. பாத் நகரத்து விடுதி அறை. ஆட்கள் வருவதும் போவதுமாக இருக்கிறார்கள். திருமதி கிராஃப்ட் அறைக்குள்ளேயே இருக்கிறாள்; நிச்சயித்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வைப்பது தவறு என்று இன்னொருத்தியோடு பேசிக்கொண்டிருக்கிறாள். வென்ட்வொர்த் மேஜையில் ஒரு கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறான். ஜன்னலோரம் கேப்டன் ஹார்வில் ஆனிடம் வாதம் செய்கிறார்: ஆணின் காதல்தான் நீடிப்பது, பெண்ணின் நிலையின்மைக்கு எல்லாப் புத்தகங்களும் சாட்சி. ஆன் மறுக்கிறாள். புத்தகங்களைச் சாட்சிக்கு இழுக்க வேண்டாம் என்கிறாள். கல்வியும் பேனாவும் இவ்வளவு காலம் ஆண்களின் கையில்தானே இருந்தன என்பது அவள் வாதம். பெண்கள் மறக்காமல் இருப்பதற்குக் காரணம் அவர்களுடைய இயல்பு மட்டுமல்ல. வீட்டுக்குள் அடைந்து, உணர்ச்சி தின்னக் கிடப்பதும்தான், ஆண்களுக்கோ தொழிலும் அலைச்சலும் இருக்கின்றன என்றும் சொல்கிறாள். இது காதல் பேச்சு இல்லை, சமூகவியல். ஏதோ விழும் சத்தம் கேட்கிறது. வென்ட்வொர்த்தின் கையிலிருந்து பேனா நழுவியிருக்கிறது.

அவன் கேட்டுக்கொண்டிருக்கிறான். எட்டு வருஷத்தில் முதல்முறையாக, குறுக்கிடாமல், தன்னைப் பற்றியது என்று தெரிந்தும், ஒரு பெண் முழு வாதத்தையும் சொல்லி முடிக்கும்வரை கேட்கிறான். அதற்குப் பிறகுதான் அவனுடைய புகழ்பெற்ற கடிதம். பொதுவாக இந்த நாவலைப் பற்றிப் பேசுகிறவர்கள் அந்தக் கடிதத்தைத்தான் கொண்டாடுகிறார்கள். கடிதம் ஒரு பதில் மட்டுமே. இரண்டாம் வாய்ப்பைத் திறந்தது அவளுடைய வாதம். விதியும் தற்செயலும் அட்மிரலின் தூதும் செய்த வேலையை அந்த மூன்று வாரத்தில் ஆஸ்டின் ஒரு பெண்ணின் பேச்சுக்கு மாற்றிக் கொடுத்தார்.

பணிமனை அக்கா சொன்னது இதைத்தான். மாத நாவலில் அந்தக் கேட்டல் மலிவாக, கண்ணீரோடும் மன்னிப்போடும் வருகிறது. ஆஸ்டினில் வாதமாக வருகிறது. பசி ஒன்றுதான்.

6

மூன்றாவது கேள்வி கொஞ்சம் கசப்பானது. சேர்ந்த பிறகு என்ன மாறியது?

கடைசிப் பக்கங்களில் ஆனுக்கு ஒரு அழகான சிறு வண்டி கிடைக்கிறது. கடற்படைக்காரனின் மனைவி என்ற பெருமையும், எப்போது போர் வருமோ என்ற பயமும் கிடைக்கின்றன. கப்பல்? அதைப் பற்றிப் பேச்சில்லை. திருமதி கிராஃப்டை அவ்வளவு கவனமாகச் செதுக்கிய ஆஸ்டின், ஆன் அவள் வழியில் போனாளா என்பதைச் சொல்லாமலே முடித்துவிடுகிறார். பிரதியின் மௌனம் என்று நாம் அடிக்கடி சொல்கிறோமே, அது இங்கே இருக்கிறது.

இன்னொரு மௌனமும் உண்டு. ஆனின் பழைய தோழி திருமதி ஸ்மித் ஏழை விதவை, நடக்க முடியாதவள்; கூலிக்கு வரும் செவிலிப் பெண் ரூக்கின் தயவில் பின்னல் பின்னிக் காலம் தள்ளுகிறவள். அவளுக்கும் ஒரு இரண்டாம் வாய்ப்பு வருகிறது. முடங்கிக் கிடந்த சொத்தை வென்ட்வொர்த் முயன்று மீட்டுக் கொடுக்கிறான். சொத்து இருப்பது மேற்கிந்தியத் தீவுகளில். அது எப்படிப்பட்ட சொத்து என்று நாவல் சொல்லவில்லை. பிரிட்டிஷ் காலனிகளில் அடிமைமுறையை ஒழிக்கும் சட்டம் வந்தது 1833இல் என்பதை நினைத்தால், அந்த வருமானத்தில் யாருடைய வியர்வை இருந்திருக்கும் என்று ஊகிக்கலாம். 'மான்ஸ்ஃபீல்ட் பார்க்' நாவலை இந்தக் கோணத்தில் எட்வர்ட் சயீத் 1993இல் வாசித்துக் காட்டினார். ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் இரண்டாம் வாய்ப்புக்கு, முதல் வாய்ப்பே இல்லாதவர்கள் விலை கொடுத்திருக்கிறார்கள். நாவலை நேசிக்கிறவர்கள் இதையும் சேர்த்தே நேசிக்க வேண்டியிருக்கிறது.

வென்ட்வொர்த்தின் விருந்து வாதம் என்ன ஆயிற்று? அதற்கு ஆயுசு அதிகம். பிரிட்டிஷ் கடற்படைப் போர்க்கப்பலில் பெண்கள் பணியாளர்களாக ஏறியது 1990இல். இந்தியக் கடற்படை மருத்துவப் பிரிவுக்கு வெளியே பெண் அதிகாரிகளைச் சேர்க்கத் தொடங்கியது 1992இல். நிரந்தரப் பணிக்காக அவர்கள் உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. 2020 மார்ச் 17இல் தீர்ப்பு அவர்களுக்குச் சாதகமாக வந்தது. வழக்கில் அரசுத் தரப்பு சொன்னவற்றில் ஒன்று: ரஷ்யத் தயாரிப்புக் கப்பல்களில் பெண்களுக்குக் கழிப்பறை வசதி இல்லை. இருநூறு வருஷம் கழித்தும் அதே 'உங்களுக்கு வசதிப்படாது அம்மா' என்கிற கரிசனம். வசதியைச் செய்து தருவதற்குப் பதில் வசதி இல்லாததையே காரணம் காட்டுவது. நம் சங்க அலுவலகங்களில், இரவுக் கூட்டங்களில், சிறுபத்திரிகைச் சந்திப்புகளில் பெண் தோழர்களிடம் நாம் இதைச் சொன்னதே இல்லையா?

ஆகவே இந்த வகை நாவலைக் குப்பை என்று தள்ளுவதிலும் எனக்கு இப்போது உடன்பாடு இல்லை, 'வலிமையான பெண்' வந்துவிட்டாள் என்று பின்னட்டையோடு சேர்ந்து கைதட்டுவதிலும் உடன்பாடு இல்லை. அவள் பேச்சு கேட்கப்படுகிறதா என்பதோடு, கேட்ட பிறகு அந்த இடம் அவளுக்காக அரை அடியாவது நகர்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆஸ்டினால் முதலாவதைச் செய்ய முடிந்தது. இரண்டாவதை அவர் காலம் எழுத விடவில்லை. அல்லது கப்பலில் செத்துப்போன தம்பி மனைவியை நினைத்த அந்தக் கை அங்கே நின்றுவிட்டது.

பயிலரங்கு முடிந்து ரொம்ப நாளைக்குப் பிறகு ஒரு பஸ் பயணத்தில் அந்த அக்காவைப் பார்த்தேன். ஒன்றரை மணி நேரப் பயணம். 'பெர்ஸ்வேஷன்' கதையை முழுக்கச் சொன்னேன். பேனா விழும் இடத்தில் 'ஆங்' என்றார். கல்யாணம் வந்து கதை முடிந்ததும் கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்:

'அதெல்லாம் சரி தம்பி. அப்புறம் அவ கப்பல்ல ஏறினாளா?'

நாவலில் இல்லை அக்கா என்றேன். 'அப்ப அதை யாராவது எழுதணும்ல' என்றார். அவர் இறங்க வேண்டிய நிறுத்தம் வந்துவிட்டிருந்தது.